கான்கிரீட் கம்பியைக் காக்கிறதா? சைட்டிலேயே பார்க்க இரண்டு சோதனைகள்

கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்க்கும் கியூப் டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டதா? நல்லது, ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்தக் கியூப் 28 நாள் தண்ணீரிலேயே கிடந்தது, உங்கள் தூணுக்கு அந்தக் கவனிப்பு கிடைத்திருக்காது. கம்பியைக் காப்பது அதன் மேல் இருக்கும் சில சென்டிமீட்டர் கான்கிரீட், அதாவது கவர்தான். கியூரிங் (ஈரமாக வைத்துப் பதப்படுத்துவது) குறைந்தால் முதலில் கெடுவதும் அதுதான்.

முதலில் கார்ஸ்டன் குழாய், கான்கிரீட் தண்ணீரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று இது காட்டும். அளவுக்கோடு போட்ட சின்னக் கண்ணாடிக் குழாய், சுவரில் ஒட்டும் பக்கம் வாய் அகன்றிருக்கும். பெயிண்ட் இல்லாத, நன்றாகக் காய்ந்த இடமாகப் பாருங்கள். ஈரமாக இருந்தால் துளைகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், தண்ணீர் இறங்காது, மோசமான கான்கிரீட்கூட நல்லதாகத் தெரியும். மழைக்கு மறுநாள் சோதிப்பவர்கள் ஏமாறுவது இப்படித்தான். தூசியைத் துடைத்துவிட்டு, விளிம்பில் புட்டி வைத்து அழுத்துங்கள். புட்டி உள்ளே பிதுங்கினால் தண்ணீர் படும் பரப்பு குறைந்துவிடும், எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். பூஜ்யக் கோடு வரை தண்ணீர் ஊற்றி 5, 10, 15, 30 நிமிடங்களில் எத்தனை மில்லிலிட்டர் இறங்கியது என்று குறியுங்கள். ஓரத்தில் கசிந்தால் அந்த அளவு செல்லாது. நல்லதாகத் தெரியும் இடத்தில் மூன்று, சந்தேகமான இடத்தில் மூன்று எடுத்து ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

அப்புறம் பினாப்தலீன், காரம் பட்டால் நிறம் மாறும் ரசாயனம், இது பழைய கட்டடத்துக்கு. கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு உளியால் ஓரத்தைக் கம்பி வரை உடைத்து, தூசியை ஊதிவிட்டு, ஆல்கஹாலில் கரைத்த 1 சதவீதக் கரைசலை உடனே தெளியுங்கள். ரோஜா நிறமானால், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை இன்னும் இருக்கிறது. நிறமே மாறாத வெளிப்பகுதிக்குள் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு புகுந்து அந்தக் காரத்தன்மையைப் போக்கிவிட்டது. அதன் ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள்.

இங்கேதான் புதியவர்கள் கணக்கில் தவறுகிறார்கள். 9 வருடத்தில் 15 மில்லிமீட்டர் போயிருந்தால், 25 மில்லிமீட்டர் கவரைத் தாண்ட 15 வருடம் என்று நேராகப் பெருக்கிவிடுகிறார்கள். ஆழம் வருடத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும்: 9இன் வர்க்கமூலம் 3, 15ஐ 3ஆல் வகுத்தால் 5, 25ஐ அந்த 5ஆல் வகுத்தால் 5, அதன் வர்க்கம் 25. ஆக, கம்பியைத் தொட ஏறக்குறைய 25ஆவது வருடம் ஆகும்.

ஒன்றை மறக்காதீர்கள்: கடலோரக் கட்டடத்தில் கான்கிரீட் முழுக்க ரோஜா நிறமாக இருந்தாலும் உள்ளே கடல் உப்பிலிருந்து வரும் குளோரைடு கம்பியை அரித்துக்கொண்டிருக்கலாம். அதற்குத் துளையிட்டுத் தூள் எடுத்து ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். உடைத்த இடத்தை அன்றைக்கே நல்ல கலவையால் அடைத்துவிடுங்கள்.