பழைய மசில் கார் மீட்டர்கள்: முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றால் டேஷ்போர்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அமெரிக்க மசில் கார்களில் (பெரிய எஞ்சின் போட்ட பழைய அதிவேகக் கார்களில்) அது நடக்காது. 1970 ஷெவர்லே ஷெவல் மாலிபுவில் ஸ்பீடோமீட்டர் நீளவாக்கில் இருக்கும். அதே காரின் அதிவேக வகையான எஸ்எஸ்-ஸில் வட்ட வட்டமாக இருக்கும். அந்த வட்ட டேஷ் ஷெவர்லேயின் இன்னொரு மாடலான மான்டே கார்லோவிலும் வந்ததால், அதைப் பார்த்ததுமே ‘அசல் எஸ்எஸ்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டாட்ஜ் சேலஞ்சரிலும் இப்படித்தான். மணிக்கு 150 மைல் வரை எண் போட்ட ‘ராலி’ என்ற வட்ட மீட்டர் டேஷ், அதன் அதிவேக வகையான ஆர்/டி-யில் வழக்கமாக வந்தது. மற்றவற்றில் கூடுதல் பணம் கட்டினால் கிடைத்தது.

இதைவிடப் பெரிய தவறு, மீட்டரை மட்டும் வாங்கி மாட்டுவது. எச்சரிக்கை விளக்கு இருந்த காரில் வெப்ப மீட்டரைப் பொருத்தினால் எஞ்சினில் உள்ள சென்சாரையும் மாற்ற வேண்டும். விளக்குக்கானது வெறும் சுவிட்ச். அதை வைத்து முள் படிப்படியாக ஏறாது.

பெட்ரோல் மீட்டரில் இது இன்னும் சிக்கல். டேங்கில் உள்ள சென்சாரின் மின்தடை, பெட்ரோல் அளவுக்கேற்ப மாறித்தான் முள்ளை நகர்த்துகிறது. 1960களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் (ஷெவர்லேயின் தாய் நிறுவனம்) கார்களில் டேங்க் காலியானால் அது 0 ஓம், நிறைந்தால் 90 ஓம். ஃபோர்டிலும் கிரைஸ்லரிலும் (டாட்ஜின் தாய் நிறுவனம்) தலைகீழ்: காலியில் சுமார் 73, நிறைந்தால் சுமார் 10. ஜெனரல் மோட்டார்ஸ் மீட்டரை ஃபோர்டு அல்லது கிரைஸ்லரின் டேங்க் சென்சாரோடு இணைத்தால், டேங்க் காலியாகக் காலியாக முள் மேலே ஏறும்!

ஃபோர்டு, கிரைஸ்லர் மீட்டர்களை நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கவே கூடாது, கருகிவிடும். அவை ஓடுவது சராசரியாக 5 வோல்ட்டில். ஒரு சின்ன ரெகுலேட்டர் மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பி அந்த அளவுக்குக் கொண்டுவருகிறது. அதன் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் பெட்ரோல், வெப்பம் எல்லா முள்ளும் ஒருசேர எகிறும். அப்போது மீட்டர்களைக் கழற்றாமல், முதலில் ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும் பாருங்கள். சேலஞ்சரிலும் கிரைஸ்லரின் இன்னொரு காரான பாரகுடாவிலும் உள்ள ராலி டேஷில் இந்த ரெகுலேட்டர் பெட்ரோல் மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே தேடி அலைய வேண்டாம்.

கிரைஸ்லர் கார்களின் ஆம்மீட்டரை (பேட்டரிக்குப் போய்வரும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர்) நான் ஒருபோதும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பேட்டரிக்குப் போகும் சார்ஜிங் மின்சாரம் முழுவதும் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்பகுதிக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) உள்ள கனெக்டர் வழியாக டேஷுக்குள் வந்து, ஆம்மீட்டரைக் கடந்துதான் திரும்பும். பழைய டெர்மினல் துருப்பிடித்தோ தளர்ந்தோ இருந்தால் சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். அந்த வயரிங்கை அப்படியே விட்டுவிட்டு பெரிய ஆல்டர்னேட்டரைப் போடுவது ஆபத்தை விலைக்கு வாங்குவது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆம்மீட்டரில் மிகச் சிறிய மின்சாரமே டேஷுக்கு வருவதால் இந்தப் பயம் குறைவு.

ஆர்.பி.எம். மீட்டர் வாங்கும்போது எத்தனை சிலிண்டருக்கானது என்று கேளுங்கள். ஃபோர்டு மஸ்டாங்கின் ‘ராலி-பேக்’ என்ற கூடுதல் மீட்டர் ஆறு சிலிண்டருக்கு வேறு, எட்டுக்கு வேறு. 1969 ஷெவர்லே கமாரோவில் எஞ்சினைப் பொறுத்துச் சிவப்புக் கோடும் (எஞ்சின் தாண்டக் கூடாத வேக எல்லை) இடம் மாறும்.

அப்புறம் ஸ்பீடோமீட்டர். பின் ஆக்சில் விகிதத்தையோ டயர் அளவையோ மாற்றியிருந்தால், கியர்பாக்ஸில் கேபிளைச் சுழற்றும் சிறு பல்சக்கரத்தையும் மாற்றினால்தான் வேகம் சரியாகக் காட்டும். ஓடோமீட்டர் 1,00,000 மைலில் மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். ஆகவே காரை வாங்குவதற்கு முன் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் பழைய சர்வீஸ் பில்களையும் சேர்த்துப் பாருங்கள்.