பொய் சொல்லும் சென்சாரை வைத்து பம்ப்பை எப்போது பிரிப்பது?

காசிமேட்டுப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். அம்மோனியாவைக் குளிர்விக்கும் கண்டென்சருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் ஒரு வெப்பநிலை சென்சார் மாட்டினேன். 80 டிகிரியைத் தாண்டினால் அலாரம். முதல் மாதமே மூன்று முறை கூவியது. மூன்று முறையும் பிரித்தோம், பேரிங் பளபளவென்று இருந்தது. நான்காவது முறை கூவியபோது, "சும்மா கூவுதுப்பா, விடு" என்று சொன்னது நான்தான். சனிக்கிழமை ராத்திரி பேரிங் இறுகி பம்ப் நின்றது. தண்ணீர் நின்றதும் அம்மோனியா அழுத்தம் ஏறி கம்ப்ரசர் ட்ரிப். ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய ஐஸ் பார் பாதி உறைந்த நிலையில் நின்றது. முதலாளி சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட முறை இது. சென்சாரை எப்படி இணைப்பது என்று எழுதவில்லை, அதற்கு வீடியோ கொட்டிக் கிடக்கிறது.

1. பொய்யின் முகத்தைப் பாருங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். அலாரம் அடித்த நேரங்களை எடுத்துப் பார்த்தால், பல தடவை அளவு சரியாக 85.0. 84.5-உம் இல்லை, 86-உம் இல்லை. என் சென்சார் டிஎஸ்18பி20. கரண்ட் கிடைத்ததும், முதல் அளவை எடுத்து முடிக்கும்வரை அதன் நினைவில் இருக்கும் எண்ணே 85தான். எங்கள் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது லைன் வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். சென்சார் செத்துப் பிழைத்து, "85" என்று உளறும். நான் அலாரத்தை 80-இல் வைத்திருந்தேன். வேறென்ன ஆகும்?

ஒரு நொடி முன்பு 46 காட்டிவிட்டு இப்போது 85.0 என்றால் புரோகிராமிலேயே அதைத் தள்ளிவிடுங்கள். இரும்பு அவ்வளவு வேகமாகச் சூடாகாது. உங்கள் சென்சார் வேறு வகையாக இருந்தால் அதன் பொய் வேறு மாதிரி இருக்கும். கடல் காற்றில் கனெக்டர் பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினால் போலியும் கலந்து வரும். வாங்கியதும் உருகும் ஐஸில் முக்கி 0 காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்களுக்கு ஐஸுக்கா பஞ்சம்!

2. நான்கு கட்டம் போடுங்கள்

எக்ஸெல் வேண்டாம். எண்ணெய்க் கையோடு யாரும் லேப்டாப்பைத் தொடப்போவதில்லை. பம்ப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்க விடுங்கள். கூவியது, பேரிங் கெட்டிருந்தது. கூவியது, நன்றாக இருந்தது. கூவவில்லை, கெட்டிருந்தது. கூவவில்லை, நன்றாக இருந்தது.

மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள், ஏனென்றால் கூவாதபோது யாரும் பிரிப்பதில்லை. சீல் மாற்ற, கப்ளிங் பார்க்க என்று எதற்காகப் பிரித்தாலும் பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்து எழுதுங்கள். அது இல்லாமல் மீதிக் கணக்கு செல்லாது.

3. நூறு நாள் கணக்கு

எண்களைச் சுலபமாக வைத்துக்கொள்வோம். 100 நாளில் 4 நாள் பேரிங் உண்மையிலேயே மோசம். அதில் சென்சார் 3 நாள் கூவுகிறது. நல்ல 96 நாளில் 12 நாள் சும்மா கூவுகிறது. மொத்தம் 15 கூவல், நிஜம் 3. அதாவது அலாரம் அடித்தால் பேரிங் கெட்டிருக்க 20 சதவீத வாய்ப்புதான். "நாலில் மூணு தடவை கண்டுபிடிக்கும் நல்ல சென்சார்" என்று நம்பி நான் ஏமாந்தது இங்கேதான்.

4. பணத்தோடு ஒப்பிடுங்கள்

சீசனில் பம்ப்பைப் பிரித்தால் ஆள் கூலி, சீல், நின்றுபோகும் ஐஸ் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் என்று வையுங்கள். ஓட்டத்தில் உடைந்தால் 32,000. 8-ஐ 32-ஆல் வகுத்தால் கால் பங்கு. வாய்ப்பு 25 சதவீதத்தைத் தாண்டினால் பிரிக்கலாம்; 20-க்குப் பிரிப்பது நஷ்டம்.

பிரிக்க வேண்டாம் என்றால் சும்மா இருக்கச் சொல்லவில்லை. எங்கள் ஃபிட்டர் அண்ணன் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைப்பார். "இன்னா தம்பி, உள்ள மணல் அரைக்கிற மாறி கீது" என்றால் சந்தேகம். அவர் காதும் தவறும். நிஜமான 3-இல் 2-ஐப் பிடிப்பார், பொய்யான 12-இல் 2-க்கு ஏமாறுவார் என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து சொன்ன 4-இல் 2 நிஜம். 50 சதவீதம், பிரித்துவிடுங்கள். சென்சார் மட்டும் கூவி, காதுக்கு ஒன்றும் கேட்காத 11-இல் நிஜம் 1 மட்டுமே. 9 சதவீதம், ஓடட்டும்.

காசு இருந்தால் அதிர்வு அளக்கும் பேனா ஒன்று வாங்குங்கள். இன்னொரு வெப்பநிலை சென்சார் வாங்காதீர்கள். ஒரே அடாப்டரில் ஓடும் இரண்டும் ஒரே நேரத்தில்தான் உளறும்.

5. மீன்பிடித் தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுக்குப் போகும் ஐஸ் கொஞ்சம்தான், அதனால் பம்ப்பை நிறுத்தினாலும் பெரிய இழப்பில்லை. பிரிக்கும் செலவு 2,000 ஆகிறது. தடை முடிந்து உடைந்தால் வரும் நஷ்டம் அதே 32,000. பிரிக்கலாமா என்பதற்கான கோடு 25-இலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்குகிறது. சீசனில் ஓட விட்ட அந்த 9 சதவீதக்காரரை இப்போது பிரித்தே ஆக வேண்டும். அலாரமே அடிக்காத நாளில் (100-இல் 15 கூவல் போக மீதி 85) வாய்ப்பு 85-க்கு 1. அதைத் தடைக்காலத்திலும் தொட வேண்டியதில்லை. "வருஷா வருஷம் எல்லாத்தையும் பிரிச்சு மாட்டு" என்பவர்களோடு எனக்கு இதில் சண்டை. நன்றாக ஓடும் பேரிங்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றிக் கெடுத்த கதை எங்களிடமே இருக்கிறது.

பிற்சேர்க்கை: எண்ணூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "அலாரம் ஒரே நாளில் மூன்று முறை அடித்தால் மூன்று முறை கணக்குப் போட்டு வாய்ப்பை ஏற்றலாமா?" கூடாது. ஒரே சாட்சி மூன்று தடவை சொன்னால் மூன்று சாட்சி ஆகாது. முதல் கூவலை மட்டும் எழுதுங்கள், அடுத்த எண்ணிக்கை மறுநாள்தான். அவருடைய சென்சாரில் ஒயர் பம்ப்பின் ஆட்டத்தில் உரசி உள்கம்பி தெரிந்ததாம். நேற்று நானும் போய் என் ஒயரைப் பார்த்தேன். ஒரு இடத்தில் மேல்தோல் உரிந்திருந்தது.