கையடக்க விமான ரேடியோ: வாங்கிய பிறகு நடக்கும் தவறுகள்

செஸ்னா 172 மாதிரியான சிறிய விமானத்தில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போய்விட்டால் என்ஜின் நின்றுவிடாது. தீப்பொறிக்கு மேக்னெட்டோ தனியாக இருக்கிறது. ஆனால் பேட்டரியில் மிச்சமிருப்பது தீர்ந்ததும் ரேடியோ, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர், இறக்கையின் பின்விளிம்பை இறக்கும் ஃபிளாப் மோட்டார் எல்லாமே படுத்துவிடும். அந்த வேளைக்கென்று அமெரிக்காவில் சொந்தமாகப் பறப்பவர்கள் பலர் கையடக்க ரேடியோ ஒன்றை வாங்கிப் பையில் போட்டுவைக்கிறார்கள். அந்தப் பை பின் சீட்டுக்கும் பின்னால், சாமான் வைக்கும் இடத்தில் கிடக்கும். தனியாக ஓட்டுபவரின் கைக்கு அது எட்டவே எட்டாது.

கைக்கு எட்டினாலும் பெரிய ஏமாற்றம் ஆன்டெனாவில்தான் காத்திருக்கிறது. விமானப் பேச்சு நடக்கும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அலைநீளம் ஏறக்குறைய 2.4 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 60 சென்டிமீட்டர் நீளக் கம்பி இருந்தால் நன்றாக வேலை செய்யும். ரேடியோவோடு வரும் ரப்பர் ஆன்டெனாவோ ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். அதை அலுமினிய உடலுக்குள் உட்கார்ந்து பிடித்தால் இருக்கும் கொஞ்ச சக்தியிலும் பெரும்பகுதி வெளியே போகாது. சக்தியும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு இல்லை. ஐகாம் ஏ25 ரேடியோவின் 6 வாட் என்பது உச்சக் கணக்கு. பேச்சைச் சுமந்துபோகும் கேரியர் அலையின் சக்தி 1.8 வாட்தான். டாஷ்போர்டில் இருக்கும் ரேடியோக்கள் 10 வாட் அளவில் பேசுபவை. விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்கும், நாம் பேசுவது அங்கே போய்ச்சேராமல் போகலாம். கேட்கிறதே என்று நம்பி, பதில் வராதபோது டவரைத் திட்டுவதில் பயனில்லை.

விமானத்தின் கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவோடு இதை இணைத்துவிட்டால் நிலைமையே வேறு. அதற்கென்று ஒரு ஜாக்கை மெக்கானிக்கிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளலாம்; கையடக்க ரேடியோவின் வயரைச் செருகியதும் டாஷ்போர்டின் பெரிய ரேடியோவுக்கு ஆன்டெனா இணைப்பு துண்டாகும் வகையாக அது இருக்க வேண்டும். காசை மிச்சம்பிடிக்க டி வடிவ இணைப்பியை வைத்து இரண்டையும் ஒரே ஆன்டெனாவில் மாட்டுபவர்கள் உண்டு. பெரிய ரேடியோவில் பட்டனை அழுத்தினால் அந்த 10 வாட்டில் ஒரு பங்கு நேராகச் சின்ன ரேடியோவுக்குள் பாய்ந்து அதைச் சுட்டுவிடும். ஜாக் இல்லாதவர்கள் குறைந்தபட்சம் ரேடியோவை ஜன்னலோரம் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். விமான ரேடியோ அலைகள் செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவுக்கு ஏற்றபடி அனுப்பப்படுபவை. படுக்கவைத்துப் பேசினால் இருப்பதும் போகும்.

அடுத்தது ஹெட்செட். தரையில் வாயருகே பிடித்துப் பேசிப்பார்த்துவிட்டு, "நல்லா கேக்குதே" என்று திருப்தியாகிவிடுவார்கள். பறக்கும்போது என்ஜின் இரைச்சலில் அந்தக் குட்டி ஸ்பீக்கர் முனகுவதுகூடக் காதில் விழாது. ஹெட்செட் அடாப்டர் இல்லாத கையடக்க ரேடியோவை மாற்று ரேடியோ என்று சொல்வதே என்னைப் பொறுத்தவரை தவறு. அடாப்டரை ரேடியோவிலேயே மாட்டிவையுங்கள். தனியாக வைத்தால் அது வீட்டு மேசை டிராயரில்தான் இருக்கும்.

பேட்டரிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் ரேடியோவுக்கு, கடையில் கிடைக்கும் ஏஏ செல்களைப் போடும் உறை ஒன்று உடனிருப்பது நல்லது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரண எஃப்.எம். வாக்கி-டாக்கியை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். விமானப் பேச்சு ஏ.எம். முறையில் நடப்பது. அந்த வாக்கி-டாக்கியில் பேசினால் டவருக்குப் புரியும்படி எதுவும் போய்ச்சேராது.

ரேடியோ அமைதியானதும் கையடக்கத்தைத் தேடிக் குனிவதும் தவறுதான். விமானத்தை நேராக வைத்துக்கொண்டு முதலில் வால்யூம், அலைவரிசை, ஹெட்செட் பிளக், சர்க்யூட் பிரேக்கர் ஆகியவற்றைப் பாருங்கள். பேசும் பட்டன் சிக்கிக்கொண்டிருந்தால் நாமே அந்த அலைவரிசையை அடைத்துக்கொண்டிருப்போம். பெரிய ரேடியோவை அணைக்காமல் கையடக்கத்தில் கத்தி என்ன பயன்? போகுமிடத்தின் டவர் அலைவரிசையையும் அவசர அலைவரிசையான 121.5-ஐயும் கிளம்பும் முன்பே பதிந்துவைத்தால், ஆடும் விமானத்தில் சின்னப் பட்டன்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ரேடியோ பழுது என்று தெரிவிக்கும் 7600 என்ற எண்ணை டிரான்ஸ்பாண்டரில் போட்டால் போதும் என்பது பாதி உண்மை. மின்சாரமே போனால் அதுவும் போய்விடும். அப்போது மிஞ்சுவது டவரிலிருந்து காட்டும் விளக்குகள்தான். பறப்பவருக்கு நிலையான பச்சை என்றால் இறங்கலாம். மின்னும் பச்சை, இறங்குவதற்குத் திரும்பி வா. நிலையான சிவப்பு, மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. மின்னும் சிவப்பு, இறங்காதே. புரிந்தது என்பதற்குப் பகலில் இறக்கையை ஆட்ட வேண்டும்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் பறப்பின்போது விமானத்துக்குள் இதைப் பயன்படுத்தத் தனி உரிமம் தேவையில்லை. தரையில் நின்று விமானத்தோடு பேச உரிமம் வேண்டும். அங்கே வாங்கியதை ஊருக்கு எடுத்துவருபவர்கள் இந்திய வயர்லெஸ் உரிம விதிகளைப் பார்த்துவிட்டுக் கொண்டுவர வேண்டும். இங்கே சட்டம் வேறு.