பிறந்த குதிரைக்குட்டியின் முதல் நாள்

குட்டி வெளியே வந்ததும் மூக்கை மூடியிருக்கும் சவ்வை மட்டும் விலக்கிவிட்டு, தொப்புள்கொடியை வெட்டாமல், அது தானாகவே அறுபடும் வரை சற்றுத் தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். உதவத் துடிக்கும் கைகளை அடக்குவதுதான் இவ்வேளையில் மிகக் கடினம். அறுந்த முனையை மருத்துவர் பரிந்துரைத்த கிருமிநாசினியில் நனைக்க வேண்டும்.

குட்டி 1 மணி நேரத்திற்குள் எழுந்து நின்று, 2 மணி நேரத்திற்குள் பால் குடித்து, தாய்க்கு 3 மணி நேரத்திற்குள் நஞ்சுக்கொடி விழுந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

யாவற்றினும் முக்கியமானது சீம்பால். தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவிலேயே குட்டியை வந்தடைவதில்லை. சீம்பாலிலிருந்து அவற்றை உறிஞ்சும் குடலின் திறனும் 24 மணி நேரத்திற்குள் மறைந்துவிடுவதால், குட்டி வயிறாரக் குடிக்கிறதா என்பதை அருகிலிருந்து கவனித்து, மறுநாள் இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கருநிற முதல் இலத்தி வெளியேறியதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.