நூலிழையில் தப்பியவர்களை எண்ணுவது எப்படி?

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பூக்கூடையோடு ரோட்டைக் கடக்கிற அம்மா நூலிழையில் பஸ்ஸிடமிருந்து தப்புவார். அடிபட்டிருந்தால் கணக்கில் வந்திருக்கும். தப்பியதை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்தக் கணக்கைத்தான் வீடியோவிலிருந்து எடுக்கப் போகிறோம்.

முதலில் வீடியோ. மாடியிலிருந்து ரோட்டைச் சாய்வாகப் பார்க்கும், ஆடாத கேமரா வேண்டும். கடை சிசிடிவி என்றால் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். யாரிடமும் காட்டுமுன் முகத்தையும் நம்பர் பிளேட்டையும் மங்கலாக்கிவிடுங்கள்.

அப்புறம் பைத்தான் நிரல்மொழியில் யோலோ மாடலை (படத்தில் இருக்கும் பொருள்களைக் கண்டுபிடிக்கும் ஏஐ) டிராக்கிங்குடன், அதாவது ஒரே பொருளை வீடியோ முழுக்கப் பின்தொடரும் வசதியுடன், ஓட்டுங்கள். ஒவ்வோர் ஆளுக்கும் வண்டிக்கும் ஒரு பெட்டியும் ஓர் எண்ணும் விழும். கோகோ படத்தொகுப்பில் பயின்ற மாடலுக்கு 80 வகைப் பொருள்கள் தெரியும். ஆட்டோ அதில் கிடையாது. நம் ஷேர் ஆட்டோ ஒரு ஃபிரேமில் கார், அடுத்ததில் லாரி! நம் ஊர்ப் படங்களில் நாமே பெட்டி வரைந்து மாடலுக்குக் கற்றுத்தர வேண்டியதுதான்.

பைக்கில் போகிறவரையும் அது ‘ஆள்’ என்றே சொல்லும். முதல் தடவை இதை நான் கவனிக்கவில்லை. ஒரே பைக்கில் வந்த குடும்பம் மொத்தமும் நடுரோட்டில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ‘நடந்து’ போனது. ஆள் பெட்டியும் பைக் பெட்டியும் ஒட்டியபடியே நகர்ந்தால், அந்த ஆளைக் கழித்துவிடுங்கள்.

அடுத்து அளவு. விடியற்காலையில், ரோடு காலியாக இருக்கும்போது, ஜீப்ரா கிராசிங்கின் நான்கு மூலைகளையும் டேப் பிடித்து அளந்து, ஓப்பன்சிவி என்ற பட நிரல்தொகுப்பின் ஹோமோகிராஃபிக்கு, அதாவது சாய்வான படத்தைத் தரையின் அளவுக்கு மாற்றும் கணக்குக்கு, கொடுங்கள். பிக்சல் மீட்டராக மாறும். ஆள் நிற்கும் இடமாகப் பெட்டியின் மையத்தை எடுக்காதீர்கள். கால் தரையைத் தொடும் இடம், அதாவது அடிக்கோட்டின் நடுப்புள்ளிதான் வேண்டும்.

சரி, இப்போது கணக்கு. நடப்பவர் ஓர் இடத்தை விட்டு விலகிய நேரத்துக்கும், வண்டி அதே இடத்துக்கு வந்த நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி? வினாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அவர் 1210ஆம் ஃபிரேமில் விலகி, பஸ் 1240இல் வந்தால் ஒரே ஒரு வினாடி. 1.5 வினாடிக்குக் குறைந்தால் ஆபத்து என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொன்றையும் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். மார்கழிப் பனியிலும் குடைக்கூட்டத்திலும் மாடல் தடுமாறும். பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்து வெளியே வருபவருக்குப் புது எண் போட்டுவிடும்.

மிஞ்சியவற்றைத் தெரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். எனக்குப் புள்ளிகள் ஜீப்ரா கோட்டில் குவியவில்லை. 20 அடி தள்ளி, பஸ் நின்று ஆளை இறக்கிவிடும் இடத்தில் குவிந்தன.