ஆண்கள் நிறைந்த குற்றக் கதையைப் பெண்கள் மட்டும் மேடையேற்ற

ஒத்திகைக்கு முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள்: நடிகைகள் ஆண் பாத்திரங்களை ஆண்களாகவே நடிப்பார்களா, பாத்திரங்களே பெண்களாக மாறுமா? இரண்டையும் கலந்தால் பார்வையாளர் கதையை விட்டுவிட்டு யார் யார் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். பெண்களாக மாற்றுவதில் வேலை அதிகம். வினைமுற்று, உறவுமுறை, ‘டா’ போட்டு மிரட்டும் இடங்கள், கும்பல் தலைவர் அந்த இடத்துக்கு வந்த பின்கதை எல்லாமே மாறும். ஆண்களாகவே விடுவதுதான் பெரும்பாலும் வலுவாக நிற்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிரதியின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆண் பாத்திரங்கள் கொண்ட தன் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தில் பெண்கள் நடிப்பதை எதிர்த்து 1988இல் ஐரிஷ் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் நெதர்லாந்தில் நீதிமன்றம் போனார். தீர்ப்பு நாடகக் குழுவுக்குச் சாதகமாக வந்தது. எல்லா நாட்டிலும் அப்படி வரும் என்று நம்ப முடியாது.

அரங்கில் வேண்டாத சிரிப்பு எழுந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: நடிகைகள் ‘ஆம்பளைத்தனத்தை’ நடிக்கிறார்கள். கால் அகட்டிய நடை, குலுங்கும் தோள், கட்டைக்குரல். இவை கேலியாகத்தான் போய்ச் சேரும். நடிக்க வேண்டியது அதிகாரத்தை. யார் யாருக்குப் பயப்படுகிறார் என்று பாத்திரங்களை வரிசைப்படுத்தி எழுதுங்கள். பிறகு ஒரு காட்சியை வசனமே இல்லாமல் ஓட்டுங்கள். மேலே இருப்பவர் குறைவாக அசைவார், மற்றவர்கள் அவருக்கு வழிவிடுவார்கள், கடைசி ஆள் உட்கார இடம் தேடுவார். இது உடம்பில் ஏறிய பிறகே வசனத்தைச் சேருங்கள்.

ஆண், பெண் குரல்களுக்கு இடையே சராசரியாக ஏறத்தாழ ஒரு ஸ்தாயி வித்தியாசம். அதைத் தொண்டையை அழுத்தி எட்டப் பார்த்தால் சில காட்சிகளிலேயே குரல் கம்மிவிடும். சொந்தச் சுருதியிலேயே வேகத்தைக் குறைத்து, வாக்கிய முடிவை இறக்கிப் பேசினால் மிரட்டல் தானாக வரும்.

ஒட்டுமீசை வேண்டாம், வியர்வையில் ஒன்று கழன்றாலும் காட்சி போச்சு. எல்லோருக்கும் ஒரே கறுப்புக் கோட்டும் வேண்டாம். பின்வரிசையிலிருந்து ஆளை அடையாளம் காண உருவக்கோடு வேறுபட வேண்டும்: ஒருவருக்கு நீளக் கோட்டு, ஒருவருக்குச் சுருட்டிய கை, ஒருவருக்குத் தொப்பி. காலணியை முதல் ஒத்திகையிலிருந்தே போடச் சொல்லுங்கள். நடை அதிலிருந்துதான் பிறக்கிறது.

சண்டைக்குப் பயிற்சி பெற்றவரை அமர்த்துங்கள். அறையும் கை முகத்தைத் தொடக்கூடாது. சத்தம் அடி வாங்குபவரின் கைத்தட்டலிலிருந்து வரும். நிஜத் துப்பாக்கியை மேடைக்குக் கொண்டுவரவே கூடாது. குண்டில்லாமல் மருந்து மட்டும் உள்ள வெற்றுத் தோட்டாவும் கிட்டத்தில் உயிரை எடுக்கும். பிளாஸ்டிக் பொம்மையும் ஒலிப்பதிவும் போதும்.

ரத்தத்துக்கு ஒரு கோப்பை குளுக்கோஸ் பாகு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி சிவப்பு உணவு நிறம், ஒரு சிட்டிகை கோகோ பொடி. கோகோ இல்லாவிட்டால் விளக்கொளியில் இளஞ்சிவப்பாகத் தெரியும். உடைக்குள் மறைக்கும் சிறு பையில் 20 முதல் 30 மில்லி போதும். கூடினால் தரை வழுக்கும். உடைத் துணியில் முதலிலேயே கறை சோதியுங்கள். ஒவ்வொரு காட்சி நாளிலும், திரை திறக்கும் முன், எல்லாச் சண்டையையும் ஒருமுறை பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.