பெயர் ஒன்று, சாமான் வேறு: யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குச் சில கடைக் குறிப்புகள்

நல்லூர்த் திருவிழாக் காலம் நெருங்கினால் கனடாவின் ஸ்காபுறோவில் எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாம் பெட்டி நிறுக்கும் தராசு வெளியே வந்துவிடும். பெட்டிக்குள் போவதில் பாதிக்கு மேல் சாப்பாட்டுச் சாமானும் சவர்க்காரமும் மருந்தும்தான். நானும் ஒரு முறை சித்திக்கென்று மாகி தேங்காய்ப்பால் மா ஆறு பக்கெற் கொண்டுபோனேன். சித்தி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது இஞ்சை செய்து அங்கை வாறதெல்லே" என்றார். பின்பக்கத்தில் இலங்கைத் தயாரிப்பு என்று அச்சிட்டிருந்தது. அந்த எடைக்கு அவர் உண்மையிலேயே கேட்டிருந்த முழங்கால் பட்டியையும் நல்ல மெத்தைச் செருப்பையும் கொண்டுபோயிருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

அதற்குப் பிறகு, ஊருக்குப் போகிறோம் என்று யார் சொன்னாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முன்பக்கத்துப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், பின்பக்கத்தை வாசித்து வாங்குங்கள். ஒரே பெயரில் இரண்டு நாட்டில் இரண்டு வேறு சாமான் விற்கிறது. இலங்கையில் அங்கர் என்றால் பால்மா; லண்டனில் வளர்ந்த பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் வெண்ணெயைத் தேடும். இலங்கையில் சன்லைட் என்றால் துணி தோய்க்கிற மஞ்சள் கட்டி. கனடாவில் அது பாத்திரம் கழுவுகிற திரவம். மறுபக்கம், வேறு வேறு பெயரில் ஒரே சாமானும் விற்கிறது. மருந்தில் இது விளையாட்டில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டைக் கோட்டின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்கிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. 479 இலங்கை, 890 இந்தியா என்பது சரி. ஆனால் அந்த நிறுவனம் எந்த நாட்டில் பதிந்து இலக்கம் வாங்கியது என்பதைத்தான் அது காட்டும். சாமான் எங்கே செய்யப்பட்டது என்பதற்கு எழுத்தில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தூள்

ஊரில் சமைக்கப் போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நமக்குத் தூள் என்றால் வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள். செத்தல் மிளகாய், மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியே வறுத்து மில்லில் கொடுத்து அரைத்தது. இதைப் பல வீடுகளில் மிளகாய்த்தூள் என்றே சொல்லிவிடுவார்கள். வெறும் மிளகாயை அரைத்தது தனி மிளகாய்த்தூள். சுப்பர் மார்க்கெற் தட்டில் பெரிய கம்பனிகளின் பெயரோடு 'கறித்தூள்' என்று இருப்பது பெரும்பாலும் தெற்குப் பக்கத்துச் சமையலுக்கானது. மல்லி, சீரகம் முதலிய சரக்குகள்தான் அதில் இருக்கும், மிளகாய் இருக்காது. அதிலும் வறுக்காதது ஒன்று, வறுத்தது ஒன்று. வறுக்காதது மரக்கறிக்கும் பருப்புக்கும். வறுத்தது கடும் மண்ணிறமாக இருக்கும், இறைச்சிக்குப் போடுவார்கள். ரொறன்ரோவில் இந்தியக் கடையில் மிளகாய்த்தூள் என்று வாங்கினாலோ அது தனி மிளகாய். குழம்பு மிளகாய்த்தூள் என்று தமிழ்நாட்டுக் கம்பனிகள் விற்பதில் சில வேளை பருப்பும் சேர்த்து அரைத்திருப்பார்கள், குழம்பு தடிப்பாக வரும்.

இவை எல்லாம் ஒரே நிறத்துப் பக்கெற்றில், ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் குழப்பம் வரும். பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலில் முதலில் எது இருக்கிறது என்று பாருங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் வரும். மிளகாயோடு மல்லியும் முன்னுக்கு வந்தால் நம் தூள். மல்லி மட்டும் முன்னுக்கு இருந்து மிளகாயே இல்லை என்றால் அந்தத் தெற்குத் தூள். மீன் குழம்புக்கு அதை மட்டும் போட்டால் உறைப்பே இருக்காது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறவர்கள் கடைக்காரரிடம் நேரே, "அண்ணை, இது வறுத்த தூளோ, தனித்தூளோ?" என்று கேட்டாலே போதும். ஆனால் என் மனதுக்குச் சரியான வழி வேறு. போன முதல் வாரமே சாமான் வாங்கி, பெரியம்மாவோ மாமியோ பக்கத்தில் நிற்க வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து எடுங்கள். ஒரு கிலோ அரைத்தால் அங்கே இருக்கும் நாட்களுக்கும் வரும், திரும்பக் கொண்டுவரவும் மிஞ்சும். அரைத்ததைச் சூடு ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேர்த்துப் பழுதாகும்.

சொல்லிலும் கவனம். தமிழ்நாட்டு நண்பர்களோடு பழகிச் சோம்பு என்று கேட்டால் யாழ்ப்பாணக் கடையில் விளங்காமல் போகலாம். பெருஞ்சீரகம் என்று கேளுங்கள். பருப்பு என்று மட்டும் கேட்டால் சிவப்பு மைசூர்ப் பருப்பைத்தான் தருவார்கள். பெரிய வெங்காயத்துக்குப் பம்பாய் வெங்காயம்.

சவர்க்காரமும் கிணற்றுத் தண்ணீரும்

யாழ்ப்பாணத்தில் ஷாம்பு சரியில்லை, சவர்க்காரம் நுரைக்கவில்லை, போலிச் சாமானை விற்றுவிட்டார்கள் என்று பலர் குறைப்படுவார்கள். பெரும்பாலும் குற்றம் சவர்க்காரத்தில் இல்லை, தண்ணீரில். குடாநாட்டின் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லுக்குள் இருந்து வரும் கிணற்றுத் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் அதிகம், அதாவது வன்னீர். சவர்க்காரம் அந்த உப்புகளோடு சேர்ந்து நுரைக்காமல் வெள்ளைப் படையாகப் படியும். கட்டிச் சவர்க்காரத்தில் இது நன்றாகத் தெரியும். திரவமாக வருகிற குளியல் சாமான்கள் பலவற்றில் இருப்பது வேறு வகைச் சலவைப் பொருள், அவை வன்னீரிலும் நுரைக்கும். ஆகவே வெளிநாட்டிலிருந்து விலை கூடிய கட்டிச் சவர்க்காரம் கொண்டுபோவதில் பலன் இல்லை. அங்கே கிடைக்கிற சந்தனச் சவர்க்காரமும் அதே மாதிரித்தான் வேலை செய்யும். கொண்டுபோவதென்றால் பிள்ளைகளின் தோலுக்கு ஒத்துவருகிற திரவம் ஒரு சின்னப் போத்தல் போதும். சுண்ணாம்புத் தண்ணீரில் குளித்துப் பழகிய லண்டன்காரருக்கு இது புதிதாக இருக்காது.

கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதும், தேத்தண்ணியில் மெல்லிய ஆடை கட்டி மங்கலாகத் தெரிவதும், பருப்பு அவியச் சுணங்குவதும் இதே காரணத்தால்தான். கேத்தலுக்குள் தேசிக்காய்ச் சாறு விட்டுக் கொதிக்க வைத்தால் படை விட்டுவிடும்.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். குடாநாட்டின் வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளில் நைத்திரேற்று என்ற, கைக்குழந்தைக்குக் கூடாத உப்பு அதிகமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றும்போது இன்னும் கூடத்தான் செய்யும். குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள போத்தல் தண்ணீரை வாங்கி, அதைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள்.

மருந்துப் பெட்டி

இலங்கையில் காய்ச்சலுக்கு எல்லோரும் கேட்பது பனடோல். கனடாவில் டைலனோல். இரண்டும் ஒரே மருந்துதான். பரசிற்றமோல் என்று அங்கே எழுதுவதையே கனடாவில் அசெற்றமினோபென் என்று எழுதுகிறார்கள். கையில் இருக்கும் டைலனோலைப் போட்டுவிட்டு, காய்ச்சல் விடவில்லை என்று மாமி தந்த பனடோலையும் போட்டால், ஒரே மருந்தை இரண்டு தடவை எடுத்ததாகிவிடும். வளர்ந்தவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் 4,000 மில்லிகிராம்தான் ஆகக்கூடியது. 500 மில்லிகிராம் குளிசை என்றால் எட்டு. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

இதே மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாணியில்தான் எனக்கு உண்மையான பயம். இலங்கையில் வழமையாகக் கிடைப்பது 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். கனடாவில் சிறுவர் டைலனோல் 5 மில்லிலீற்றருக்கு 160. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தோ ஒரு மில்லிலீற்றரிலேயே 80, அதாவது 5 மில்லிலீற்றரில் 400. லண்டனில் விற்கும் கல்போல் பாணியிலும் இரண்டு வகை: கைக்குழந்தைக்கானது 120, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது 250. அம்மம்மா அன்போடு "ஒரு கரண்டி குடு" என்று சொன்னால், எந்தப் போத்தலிலிருந்து ஒரு கரண்டி என்பதைப் பொறுத்து அளவு மூன்று மடங்குக்கு மேல் மாறும். உங்கள் வைத்தியர் சொன்ன மருந்தை நீங்களே கொண்டுபோங்கள், அதன் அளவுக் குழாயையும் கொண்டுபோங்கள். ஒரு போத்தலின் அளவுக் குழாயால் மற்றப் போத்தல் மருந்தை எடுக்காதீர்கள்.

நுளம்புக்குப் பூசுகிற மருந்தையும் இங்கிருந்து கொண்டுபோவது நல்லது, முக்கியமாக மாரி மழைக் காலத்தில். அந்த மாதங்களில்தான் யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடும். நுளம்புத்திரி அங்கே எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும்.

மாவும் எண்ணெயும்

இலங்கைக் கோதுமை மாவில் பொங்கவைக்கும் பொருள் எதுவும் சேர்க்காமல் வரும். லண்டனில் 'செல்ப் ரைசிங்' மாவில் கேக் அடித்துப் பழகிய பிள்ளை அங்கே அதே கணக்கில் அடித்தால் கேக் பொங்காது. 150 கிராம் மாவுக்கு 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்க்கச் சொல்லுங்கள். மறுபக்கமாக, லண்டனில் அந்த மாவை அவித்து இடியப்பம் பிழியக் கூடாது.

நல்லெண்ணெய் என்பது பச்சை எள்ளைச் செக்கில் ஆட்டியது. சீனக் கடைகளில் 'செசமி ஒயில்' என்று கறுப்பாக இருப்பது வறுத்த எள்ளின் எண்ணெய், வாசத்துக்குச் சில துளி விடுகிற சாமான். அதை ஊருக்குக் கொண்டுபோய் "நல்லெண்ணெய் கொண்டுவந்தேன்" என்று கொடுக்க வேண்டாம். தேங்காய் எண்ணெயை முத்திரையும் திகதியும் உள்ள போத்தலில் வாங்குங்கள். 2021இல் இறக்குமதியான ஒரு தொகுதித் தேங்காய் எண்ணெயில் அப்லடொக்சின் என்ற பூஞ்சண நச்சு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நான் அளந்து ஊற்றுகிற எண்ணெய் வாங்குவதில்லை.

பக்கெற்றில் இன்னும் பார்க்க வேண்டியவை

இலங்கையில் பக்கெற்றில் ஆகக்கூடிய சில்லறை விலை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் விற்பது குற்றம். முறையிட நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்து யாராவது கூட்டிக் கேட்டால், கோபப்படாமல் அச்சிட்ட விலையைக் காட்டினாலே போதும்.

திகதியை அங்கே நாள், மாதம், வருடம் என்ற ஒழுங்கில் எழுதுவார்கள். அமெரிக்காவில் மாதம் முதலில். கனடாவில் வருடம் முதலில், மாதத்துக்கு இரண்டு எழுத்துக் குறி: எம்.ஏ. என்றால் மே, எம்.ஆர். என்றால் மார்ச். நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் சொக்லேற்றிலும் பால்மாவிலும் இந்தத் திகதியை அங்கே உள்ளவர்கள் மாற்றி வாசித்துவிடுவார்கள், கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கிறீம் சோடா, நெக்டோ போத்தல்களில் ஒரு நிறக் குறி இருக்கும். 2016இல் வந்த நடைமுறை அது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். அப்பாவுக்கு நீரிழிவு என்றால் இந்தக் குறியை அவருக்கும் காட்டிக்கொடுங்கள். அப்புறம் பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள்: தேங்காய்ப்பால் மாவில் பால் இருக்காது என்று நினைப்போம். 'சோடியம் கேசினேற்' என்று பட்டியலில் இருந்தால் அது பாலின் புரதம். அந்தப் பிள்ளைக்குத் தேங்காயைத் திருவிப் பிழிந்துதான் கறி வைக்க வேண்டும்.

திரும்பும்போது

கறுவா கட்டாயம் வாங்குங்கள். வெளிநாட்டு சுப்பர் மார்க்கெற்றில் கறுவா என்று வருவது பெரும்பாலும் காசியா, ஒரே தடித்த பட்டை சுருண்டிருக்கும். இலங்கைக் கறுவா மெல்லிய பல படலம், சுருட்டுக்குள் சுருட்டாக இருக்கும், விரலால் நொறுக்கலாம். காசியாவில் கூமரின் அதிகம், நாளாந்தம் நிறையச் சாப்பிட்டால் ஈரலுக்குக் கூடாது. தேயிலையில் வாளேந்திய சிங்கச் சின்னம் இருந்தால் அது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது.

பனஞ் சாமான்களைப் பனை அபிவிருத்திச் சபையின் கடையில் வாங்குவது எனக்குப் பிடிக்கும். ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டியையும் தெற்கிலிருந்து வரும் கித்துள் கருப்பட்டியையும் மாறி எடுத்துவிடாதீர்கள், மரமும் வேறு, ருசியும் வேறு. மாவில் இன்னும் கவனம். ஒடியல் மா பச்சைக் கிழங்கைக் காயவைத்து இடித்தது, கூழுக்கு அதுதான் வேண்டும், தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை எடுத்துப் போடுவார்கள். புழுக்கொடியல் மா அவித்துக் காயவைத்த கிழங்கில் செய்தது, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து அப்படியே சாப்பிடலாம். இரண்டையும் எடுத்தால் தனித்தனியாகக் கட்டி மேலே பெயர் எழுதி வையுங்கள். எந்த நாட்டுக்கு வந்தாலும் சுங்கத்தில் கேட்டால் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், கனடாவில் அது கட்டாயம். லண்டன் போகிறவர்கள் பால் பொருளோ இறைச்சிப் பொருளோ பெட்டியில் வைக்க வேண்டாம், எடுத்துவிடுவார்கள்.